இடத்தைச் சொன்னீர்கள், நேரத்தைச் சொல்லவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாரமலரில் திருகோணமலையை ஒரே நாளில் சுற்றிப் பார்ப்பது பற்றி அரைப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்திருந்தது. கோணேசர் கோவில், கன்னியா வெந்நீரூற்று, நிலாவெளி, புறாமலை. நாலு படம், நாலு பந்தி, அவ்வளவுதான். நான் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓட்டோ ஓட்டுகிறவன். முப்பத்தொரு வருடமாக இதே தொழில். எங்கள் ஸ்டாண்டில் பேப்பரை முதலில் பிரிப்பது நான்தான். மற்றவர்கள் விளையாட்டுப் பக்கத்தை உருவிக்கொண்டு போய்விடுவார்கள். கட்டுரையில் பெரிய பிழை என்று ஒன்றிரண்டுதான், அதைப் பிறகு சொல்கிறேன். என் குறை வேறு. எழுதியவர் இடத்தைச் சொன்னார், எத்தனை மணிக்குப் போகவேண்டும் என்று சொல்லவில்லை. எங்கள் ஊரில் பாதி விஷயம் அதில்தான் இருக்கிறது.

கோணேசர் கோவிலையே எடுங்கள். சுற்றுலா பஸ்கள் பத்தரை, பதினொரு மணிக்கு வந்து நிற்கும். செருப்பைக் கழற்றிவிட்டு வெளியில் காலை வைத்தால் கல் அடுப்பு மாதிரிச் சுடும். வயதான அம்மாமார் ஒரு காலைத் தூக்கி மறு காலை வைத்து ஓடுவதைப் பார்க்கப் பாவமாக இருக்கும். கும்பிட்டார்களோ இல்லையோ, நிழலைத் தேடி ஓடி வந்து பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். இதே கோவிலுக்கு காலை ஆறு மணிக்கு வந்து பாருங்கள். கொழும்பிலிருந்து வருகிற இரவு ரயில் விடியற்காலையில் வந்து சேரும். பக்கத்தில் ஓர் அறை எடுத்துக் குளித்துவிட்டு நேரே ஏறினால், சூரியன் கடலுக்குள்ளிருந்து வருவதை மலை உச்சியில் நின்று பார்க்கலாம். கல் குளிர்ந்திருக்கும். பிள்ளை வரம் கேட்டு மரத்தில் கட்டிய சின்னத் தொட்டில்கள் காற்றில் ஒன்றோடொன்று முட்டும் சத்தம்கூடக் கேட்கும். பதினொரு மணிக்கு ஆட்களின் சத்தத்தில் அது எங்கே கேட்கப் போகிறது? பங்குனி, சித்திரை மாதங்களில் அந்த உச்சியில் நின்றே திமிங்கிலம் மூச்சு விடுவதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நான் இரண்டு தரம் பார்த்திருக்கிறேன். இரண்டு தரமும் காலையில்தான். எங்கள் துறைமுகத்துக்கு வெளியே கடலடியில் பெரிய பள்ளத்தாக்கு ஒன்று கரைக்குக் கிட்ட வருவதால்தான் அவை இவ்வளவு பக்கத்தில் வருகின்றன.

கோவிலுக்குப் போகிற எல்லோரும் பிரட்றிக் கோட்டை வாசலுக்குள்ளால்தான் போகவேண்டும். ஆனால் யாரும் வாசலில் நிற்பதில்லை. நான் ஓட்டோவை ஓரமாக நிறுத்திவிட்டு, 'இறங்கிப் பாருங்கோ' என்பேன். வாசல் கல்லில் இரட்டை மீன் செதுக்கியிருக்கிறது. பக்கத்தில் குளக்கோட்டன் என்ற அரசன் பெயர் வரும் பழைய தமிழ்க் கல்வெட்டு, தேய்ந்துபோய்க் கிடக்கிறது. போர்த்துக்கேயர் 1622இல் பழைய கோவிலை இடித்தார்கள். அந்தக் கல்லைக்கொண்டே கோட்டையைக் கட்டினார்கள். அதனால் சம்பந்தர் பாடிய கோவில் எங்கே என்று யாராவது கேட்டால், மேலே இருப்பதைக் காட்டுமுன் நான் கோட்டைச் சுவரைக் காட்டுவேன். மேலே இருப்பது நம் காலத்தில் எழுந்தது. 1963இல்தான் கும்பாபிஷேகம் நடந்தது.

இப்போது அந்தப் பிழை. டச்சுக்காரப் பெண் பிரான்சினா காதலன் விட்டுப்போன துக்கத்தில் கோவில் நிற்கிற சுவாமி மலையிலிருந்து கடலில் குதித்து இறந்தாள், அவள் நினைவாகத்தான் தூண் நிற்கிறது என்று உங்கள் கட்டுரை சொல்கிறது. தூண் உண்மை. அதில் 1687 என்று ஆண்டும் இருக்கிறது. குதித்தது கதை. அந்தப் பெண் அதற்குப் பிறகும் உயிரோடிருந்து கலியாணம் செய்ததற்கு டச்சுக்காரர் பதிவுகளே இருப்பதாக, படித்த ஒரு பெரியவர் என் ஓட்டோவில் இருந்தபடியே விளக்கினார். நானும் அதுவரை பத்துப் பதினைந்து வருடமாக அவளைக் குதிக்க வைத்துக்கொண்டுதான் இருந்தேன். இப்போது இரண்டையும் சொல்லிவிடுவேன். வருகிறவர்களுக்கு என்னவோ குதித்த கதைதான் பிடிக்கிறது.

அடுத்தது மான்கள். உங்கள் கட்டுரையில் மானைப் பற்றி ஒரு வரிதான் இருந்தது: 'கையால் உணவூட்டி மகிழலாம்' என்று. ஐயா, தயவுசெய்து அந்த வரியைத் திருத்திப் போடுங்கள். இந்தக் கடிதத்தை நான் எழுதத் தொடங்கியதே அந்த ஒரு வரிக்காகத்தான்.

கோட்டைக்குள்ளும் முற்றவெளியிலும் பஸ் நிலையத்தடியிலும் புள்ளிமான்கள் திரிவது எங்கள் ஊருக்கே உரிய காட்சி. காட்டுக்குப் போகாமல், கூண்டைப் பார்க்காமல், சந்தியில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது பக்கத்தில் மான் நிற்கும். எங்கள் பிள்ளைகளுக்கு மான் என்றால் ஆடு, மாடு மாதிரித்தான். போன வருடம் ஒரு நாள் மத்தியானம், பஸ்ஸில் வந்த ஒரு கூட்டம் மர நிழலில் சோற்றுப் பார்சலை அவிழ்த்துச் சாப்பிட்டுவிட்டு, சோறு சுற்றிய பொலித்தீன் லஞ்ச் ஷீட்டுகளை அங்கேயே உருட்டிப் போட்டுவிட்டு ஏறிப் போய்விட்டது. சோறும் குழம்பும் ஒட்டிய ஷீட். ஒரு பெட்டை மான் வந்து அதை மென்றது. முழுங்கத் தொடங்கியபோது நான் ஓடிப்போய் வாய்க்கு வெளியே தொங்கியதைப் பிடித்து இழுத்தேன். மான் பின்னுக்கு இழுக்கிறது, நான் முன்னுக்கு இழுக்கிறேன். மெல்ல மெல்ல வந்தது, எச்சிலும் குழம்புமாக, கை முழ நீளத்துக்கு. முழுதாக வந்ததா, உள்ளே பாதி போனதா, எனக்குத் தெரியாது. அது என்னைப் பார்த்துக்கொண்டே நின்றது, பிறகு அடுத்த ஷீட்டுக்குப் போனது. மொத்தம் பதினொன்று பொறுக்கினேன்.

அந்த மான்கள் புல்லையும் இலையையும் தின்னப் பிறந்தவை. பாணும் பிஸ்கட்டும் வடையும் கொடுத்துக் கொடுத்து நாமே அவற்றைக் குப்பைத்தொட்டிக்குப் பழக்கிவிட்டோம். கையால் கொடுக்கிற முதல் பிஸ்கட்டிலிருந்துதான் இது தொடங்குகிறது. பிள்ளை ஆசைப்பட்டால் படம் எடுங்கள், கிட்ட நின்று பாருங்கள், அது போதும்.

சரி, கன்னியா. கிணறு என்றதும் பெரிதாக நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் வாயைப் பிளப்பார்கள், ஏமாற்றத்தில்தான். ஏழும் சின்னத் தொட்டி மாதிரிக் கிணறுகள். எட்டிப் பார்த்தால் அடி தெரியும். வாளியால் அள்ளி ஊற்றிக்கொள்வதுதான் குளியல். ஒன்றுக்கொன்று சூடு வித்தியாசம். அடுத்தடுத்து இருக்கிற இரண்டு கிணற்றுத் தண்ணீர் ஏன் ஒரே சூட்டில் இல்லை என்று கேட்காத பிள்ளையை நான் இன்னும் கூட்டிப் போகவில்லை. இராவணன் தாய்க்குக் கிரியை செய்ய வாளால் குத்தி எடுத்த ஊற்று என்பது எங்கள் கதை. இன்றைக்கும் இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு அங்கே போகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் வெறும் குளிக்கிற இடம் என்று நினைத்துப் பாட்டும் கூத்துமாகப் போகாதீர்கள். பக்கத்தில் நிற்பவர் மொட்டைத் தலையோடு அழுதுகொண்டு நிற்கலாம். உச்சி வெயிலில் சுடுதண்ணீரை ஊற்றுவது புத்தியில்லாத வேலை. உங்கள் கட்டுரையின்படி போனால் அது சரியாக மத்தியானம் ஒரு மணிக்கு வருகிறது! மார்கழி, தை மாதங்களில், வாடை அடிக்கிற காலையில், உடம்பு நடுங்கும்போது முதல் வாளியை ஊற்றிப் பாருங்கள்.

கன்னியா வரைக்கும் போனவர்கள் இன்னும் கொஞ்சம் போய் பெரியகுளத்துப் பக்கம் நாதனார் கோவிலையும் பார்க்கலாம். வெல்கம் விகாரை என்று பலகையில் இருக்கும். சோழர் காலத்தில் அதற்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர். தமிழ்க் கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. தமிழ்ப் பௌத்தர் விளக்கெரிக்கத் தானம் கொடுத்த பள்ளி. கூட்டிப் போனால் முதலில் எல்லோரும் 'இது நமக்கு எதற்கு' என்பார்கள். கல்லில் தமிழ் எழுத்தைக் கண்டதும் விரலால் தடவிப் பார்ப்பார்கள்.

நிலாவெளி பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, கடல் நல்ல கடல். புறாமலைத் தீவுக்கு மட்டும் முதல் படகில் போங்கள். மத்தியானத்துக்குப் பிறகு காற்று எழும்பினால் தண்ணீர் கலங்கிவிடும், அடியில் ஒன்றும் தெரியாது. வைகாசியிலிருந்து ஆவணி வரைக்கும்தான் காலம். அந்த மாதங்களில் கச்சான் காற்று நிலத்திலிருந்து வீசும். ஊருக்குள் முகம் பொரியும், கடலோ தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரிக் கிடக்கும். புறாமலை 2003இலிருந்து தேசிய பூங்கா. பூங்கா என்றதும் ஊஞ்சல், பூச்செடி எதிர்பார்த்து வந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். பூங்காவில் பெரும்பகுதி தண்ணீருக்கடியில்தான் இருக்கிறது: பவளப்பாறை, கலர் மீன், செட்டை நுனி கறுத்த சின்னச் சுறாக்கள். அவை பொதுவாகக் கடிக்காது, உங்களைக் கண்டால் ஓடும். நீந்தத் தெரியாதவர்கள் களைத்துப்போய்ப் பவளத்தின்மேல் ஏறி நிற்பார்கள். ஒருவர் நின்றாலே அது உடைந்துவிடும். அந்தத் தீவின் கரையில் வெள்ளையாகக் குவிந்து கிடப்பதெல்லாம் செத்த பவளத் துண்டுகள்தான், நடந்தால் ஓடு உடைகிற சத்தம் கேட்கும். அதில் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள், அது குற்றம்.

திரும்பி வருகிற வழியில், நிலாவெளி வீதியோரம் இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் மயானம் இருக்கிறது. புல் வெட்டி, கல் துடைத்து, எப்போது போனாலும் நேற்றுத்தான் கட்டியது போல இருக்கும். சாய்ந்த வெயிலில், நாலு மணிக்குப் பிறகு போகவேண்டிய இடம். கல்லில் வயதும் போட்டிருக்கிறார்கள். இருபது, இருபத்திரண்டு. என் மூத்தவன் வயது. நான் அங்கே அதிகம் பேசமாட்டேன்.

அந்தப் போரின் அடையாளம் இன்னொன்று சீனக்குடாவில் இருக்கிறது. பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள். 99 என்பார்கள், பல காடு மூடிக் கிடக்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலையில் யப்பான்காரன் குண்டு போட்டபோது அதில் ஒன்று பற்றியது. அன்றைக்கு டொக்யார்ட்டில் வேலைக்குப் போயிருந்த எங்கள் அப்பப்பா வீட்டுக்கு வராமல் நேரே காட்டுக்கு ஓடியவர், மூன்று நாள் கழித்துத்தான் வந்தாராம். தாங்கி ஏழு நாள் எரிந்தது என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று நாள் காட்டில் என்ன சாப்பிட்டார் என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. தாங்கிகளுக்கு உள்ளே போகமுடியாது, வீதியில் போகும்போது பார்க்கலாம்.

மயானம் என்றதும் இன்னொரு கதை. கொரோனாவுக்கு முன்னால், எழுபது வயதுக்கு மேலான ஒரு வெள்ளைக்கார அம்மா ஸ்டாண்டுக்கு வந்து 'ஒஸ்ரின், ஒஸ்ரின்' என்று கேட்டார். எங்கள் ஊரில் ஒஸ்ரின் என்றால் ஒன்றுதான், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார். பாலையூற்றில் எனக்குத் தெரிந்த கராஜ் ஒன்றில் பழைய கார் ஒன்று நின்றது. பெருமையாக ஏற்றிக்கொண்டுபோய் அதற்கு முன்னால் இறக்கிவிட்டேன். அம்மா காரை ஒரு சுற்றுச் சுற்றினார். போனட்டைத் தொட்டுப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார் பாருங்கள், கராஜ்காரர் ஸ்டூல் கொண்டுவந்து போட்டு, தண்ணீர் கொடுக்கவேண்டி வந்துவிட்டது. அப்புறம் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். அவர் தேடி வந்தது ஒரு கல்லறை. ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பி சார்ல்ஸ் ஒஸ்ரின், கடற்படைத் தளபதி, 1852இல் பர்மாவில் கொலராவில் இறந்தவர். அவரைப் புதைத்தது எங்கள் ஊரில், முற்றவெளிக்குப் பக்கத்துப் பழைய மயானத்தில். அதன் மதிலோரமாக எத்தனை ஆயிரம் தரம் போய் வந்திருப்பேன்! அன்றைக்கு கேற் பூட்டியிருந்தது. திறப்பு வைத்திருப்பவரைத் தேடிப் பிடிக்க ஒரு மணித்தியாலம் ஆனது. அம்மா கைக்குட்டையால் கல்லைத் துடைத்துவிட்டுப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். காசு கொடுக்கும்போது கார் பார்த்ததற்கும் சேர்த்து என்று கூட்டிக் கொடுத்தார்.

டொக்யார்ட் வீதியில் டச்சுக்காரர் காலத்து வீடு ஒன்றைத் திருத்திக் கடற்படை அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். மத்தியான வெயிலுக்கு அதுதான் சரியான இடம், கல் சுவர், உயர்ந்த கூரை. கன்னியாவை அந்த நேரத்திலிருந்து எடுத்துவிட்டு இதைப் போட்டால் உங்கள் ஒரு நாள் திட்டம் பாதி திருந்திவிடும். இன்னொரு நாள் இருந்தால் கிண்ணியாப் பக்கம் போங்கள். 2009இல் 396 மீற்றர் நீளத்துக்குப் பாலம் வந்துவிட்டது. அதற்கு முன்னால் பாதைக்குக் காத்துக் கிடந்த காலத்தை எங்கள் வயதுக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பாதை என்றால் இங்கே வீதி இல்லை, வாகனத்தையும் ஆளையும் ஏற்றிக்கொண்டு மறுகரை போகிற மிதவை. மூதூரில் 1660இல் ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்ட இடத்தை வெள்ளையன் மரத்தடி என்று கேட்டால் காட்டுவார்கள்.

சாயங்காலம் எங்கேயும் ஓடவேண்டாம். டச் பே கடற்கரைக்கு வந்து உட்காருங்கள். கோட்டைக்குப் பக்கத்தில், வளைந்த சின்னக் குடா. ஐந்து மணியிலிருந்து ஊரே அங்கேதான் இருக்கும். அவித்த கச்சான் கடலை, சோளன், இறால் வடை. தமிழ், சிங்களம், முஸ்லிம் குடும்பம் எல்லாம் ஒரே வண்டிக்காரனைச் சுற்றி நிற்கும், அவன் மூன்று பேரிடமும் ஒரே விலையைச் சொல்லுவான், மூன்று பேரும் குறைத்துக் கேட்பார்கள். இருட்டுகிற நேரத்தில் இரண்டு மூன்று மான் மணலில் இறங்கி வரும். அப்போதுதான் உங்கள் கட்டுரை படித்தவர்கள் பிஸ்கட் பைக்கற்றை எடுப்பார்கள்.

ஓர் இரவு தங்கினால் அடுத்த நாள் விடியலில் கரைவலை இழுப்பதையும் பார்க்கலாம். இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்து, அம்பாப் பாட்டுச் சொல்லி இழுப்பார்கள். கையை நீட்டினால் உங்களையும் கயிற்றில் சேர்த்துக்கொள்வார்கள். மடி கரைக்கு வரும்போது சூடை, கீரி, நெத்தலி மீன்கள் துடிக்கிற சத்தம் மழை பெய்வது மாதிரி இருக்கும். அன்றைக்கு மீன் இல்லாவிட்டால் நாலு தாச்சி சாதாளை என்கிற கடல் பாசிதான் வரும். அதற்கும் அதே பாட்டைத்தான் பாடி இழுத்திருப்பார்கள். ஒரே நாளில் வந்து போகிறவர்களுக்கு இது கிடையாது. அவர்கள் அந்த நேரம் திரும்புகிற பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் பக்கத்திலும் குறை இல்லாமல் இல்லை. கடற்கரையில் பெண்களுக்கு ஒழுங்கான கழிப்பறை இல்லாமல், என் வண்டியில் வந்த எத்தனையோ பேரை நான் தெரிந்த வீடுகளுக்குக் கூட்டிப் போயிருக்கிறேன். அந்த வீட்டுக்காரர்கள் முகம் சுளித்ததில்லை, ஆனால் அது முறையா? பெயர்ப்பலகைகளில் தமிழ் எழுத்துப் பிழை கண்ணைக் குத்துகிறது. ஓட்டோக்காரர்களில் சிலர் புது ஆட்களைக் கண்டால் இரண்டு மடங்கு கேட்கிறார்கள், அதையும் நானே எழுதுகிறேன். ஏறுமுன் விலையைப் பேசிக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் ஐயா, இவ்வளவையும் போட இடமிருக்காது என்று தெரியும். வெட்டுவதானால் எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், ஒஸ்ரின் கதையைக்கூட வெட்டுங்கள். மானுக்குச் சாப்பாடு கொடுக்காதீர்கள், லஞ்ச் ஷீட்டை வீட்டுக்கே கொண்டுபோங்கள் என்ற இடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். என் பெயரையும் போடவேண்டாம். ஸ்டாண்டில் பையன்கள் 'எழுத்தாளர் அண்ணை' என்று கூப்பிடத் தொடங்கிவிடுவார்கள்.

ரயில் வருகிற நேரமாகிவிட்டது, போகவேண்டும்.

இங்ஙனம்,
ஓர் ஓட்டோச் சாரதி,
திருகோணமலை.